அரசர்கள் எழுதாத மொழி

சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டிக்குப் போகிற சாலையில் பாதி வழியில் கழுகுமலை வரும். முருகன் கோயிலுக்கும் வெட்டுவான்கோயிலுக்கும் வருகிற கூட்டத்தில் சிலராவது மேலே ஏறிச் சமணச் சிற்பங்களையும் பார்க்கிறார்கள். அந்தச் சிற்பங்களுக்குக் கீழே சின்னச் சின்ன வரிகள் வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் இன்ன ஊர் இன்னார் என்பதற்கு மேல் அவற்றில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இன்னார்களில் குரத்தியார் எனப்பட்ட பெண் துறவிகள் இருக்கிறார்கள், தச்சர்கள் இருக்கிறார்கள், எங்கோ தூரத்து ஊரிலிருந்து வந்த மாணாக்கர்கள் இருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தச்சர் தான் பேசிய மொழியிலேயே தன் பெயரைப் பாறையில் விட்டுப்போக முடிந்திருக்கிறது. நாம் இதை இயல்பான விஷயமாக எடுத்துக்கொள்கிறோம். இந்திய மொழிகளில் பெரும்பாலானவற்றுக்கு இப்படி வாய்க்கவில்லை. அரசனாக இருந்தவனுக்கே வாய்க்காத மொழிகளும் உண்டு.

அசாமின் திமா ஹசாவ் மலை மாவட்டத்தில் மைபாங் என்றொரு சிற்றூர். 16ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ இரு நூறு ஆண்டுகள் அது ஒரு அரசின் தலைநகராக இருந்தது. அங்கே கிடைத்த 1576ஆம் ஆண்டுக் கல்வெட்டு மேகநாராயணன் என்ற அரசனுடையது. அவன் குடியும் அவன் குடிமக்களும் பேசியது திமாசா மொழி. கல்வெட்டு இருப்பது அந்த மொழியில் அல்ல. தான் ஹாசெங்சா வழியில் வந்தவன் என்று அவன் சொல்லிக்கொள்கிற இடத்தில் மட்டும் திமாசாக் குலப்பெயர் ஒன்று எட்டிப் பார்க்கிறது. அவனுக்குப் பின் வந்த யசோநாராயணன் 1583இல் வெளியிட்ட வெள்ளிக்காசுகளிலும் இதே கதைதான்: மொழி சமஸ்கிருதம், எழுத்து கிழக்கிந்திய எழுத்து, நடுவில் ஹாசெங்சா என்ற ஒரு சொல். கோட்டை கட்டினார்கள், காசு அடித்தார்கள், அகோம் அரசோடு தலைமுறை தலைமுறையாகப் போரிட்டார்கள். தங்கள் மொழியில் மட்டும் எழுதவில்லை.

திமாசா மக்கள் இன்று அசாமின் திமா ஹசாவ், கார்பி ஆங்லாங், கச்சார், ஹோஜாய், நகாவ் மாவட்டங்களிலும் நாகாலாந்தின் திமாப்பூர் வட்டாரத்திலும் வாழ்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திமாசாவைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 1,37,000 பேர். 2001இல் 1,12,000. எண்ணிக்கை குறைகிற மொழி இல்லை இது. ஆனாலும் யுனெஸ்கோவின் அழிநிலை மொழிகள் பட்டியலில் ஊறுபடத்தக்க மொழிகளின் வரிசையில் அதன் பெயர் இருக்கிறது. பேசுகிற ஆட்கள் கூடிக்கொண்டிருக்க, மொழி எப்படி ஆபத்தில் இருக்க முடியும்? விடை தலை எண்ணிக்கையில் இல்லை. மொழி புழங்குகிற இடங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. வீடு, வயல், விழா, கிராமக் கூட்டம் ஆகியவை திமாசாவிடம் இருக்கின்றன. பள்ளி, கச்சேரி, கடைவீதி, வேலைக்கான தேர்வு ஆகியவற்றில் பெரும்பாலானவை வேறு மொழிகளிடம் இருக்கின்றன.

திபெத்தோ-பர்மியக் குடும்பத்தில் போடோ-காரோ என்ற கிளையைச் சேர்ந்தது திமாசா. அசாமின் போடோ, திரிபுராவின் கோக்பொரோக், மேகாலயாவின் காரோ, அசாமின் திவா, தேவ்ரி எல்லாம் உடன்பிறந்த மொழிகள். தண்ணீருக்கு திமாசாவில் தி, கோக்பொரோக்கில் துய், காரோவில் சி, தேவ்ரியில் ஜி. அசாமின் வரைபடத்தை விரித்தால் திபாங், திஹிங், திகௌ, திசாங் என்று ஆறுகள் தி என்றே தொடங்குவதைக் காணலாம். இந்தக் கிளை மொழிகளைப் பேசியவர்கள் பிரம்மபுத்திரா சமவெளியில் எவ்வளவு பரந்து வாழ்ந்தார்கள் என்பதற்கு, இன்று அந்த மொழி ஒலிக்காத கரைகளிலும் நிற்கிற இந்தப் பெயர்களை அறிஞர்கள் சான்றாகக் காட்டுவது வழக்கம்.

மொழியின் உள்ளே போனால் தமிழருக்கு முற்றிலும் அந்நியமாக இருக்காது. வினை கடைசியில் வரும். வேற்றுமை பெயருக்குப் பின்னால் ஒட்டும். நான் என்பதற்கு ஆங், சோற்றுக்கு மக்காம், உண்ணுதலுக்கு ஜி. வரிசையும் நம் வரிசையே: ஆங் மக்காம் ஜிது, நான் சோறு உண்கிறேன். நெல், அரிசி, சோறு என்று ஒரே தானியத்தை மூன்று நிலையில் மூன்று பெயரால் அழைக்கிற பழக்கம் நம்மைப் போலவே அவர்களுக்கும் உண்டு. மை, மைரோங், மக்காம். மைபாங் என்ற தலைநகரின் பெயரிலேயே நெல் இருக்கிறது. நமக்குப் பிடிபடாதவை இரண்டு. ஒன்று, குரலின் ஏற்ற இறக்கம் சொல்லின் பொருளையே மாற்றிவிடும். இன்னொன்று, எண்ணும் முறை. ஒருவர், இருவர் என்று மனிதருக்குத் தனி எண்ணுப்பெயர் நம்மிடம் இருக்கிறது. திமாசாவிலோ மனிதர், விலங்கு, உருண்டையான பொருள் என ஒவ்வொரு வகைக்கும் எண்ணோடு ஒரு தனி அசை ஒட்டிக்கொள்கிறது. இந்த அசைகளைப் பிழையில்லாமல் சொல்கிறார்களா என்பது, மொழியைக் குழந்தைகள் வீட்டில் முழுமையாகப் பெறுகிறார்களா என்பதற்கு நல்ல அளவுகோல் என்பது என் எண்ணம். மொழி தளரும்போது பல இடங்களில் முதலில் உதிர்வது இப்படிப்பட்ட நுட்பங்கள்தாம்.

வட்டார வழக்குகள் நான்கு: மலையில் ஹசாவ், கச்சார் சமவெளியில் ஹவார், நகாவ் பக்கம் தெம்ப்ரா, திமாப்பூர் பக்கம் திஜுவா. இந்த நான்கும் எப்படி உண்டாயின என்று கேட்டால் அரச வரலாற்றுக்குத்தான் போக வேண்டும். திமாசா அரசு இரண்டு முறை இடம் பெயர்ந்தது. ஒவ்வொரு பெயர்ச்சியிலும் மக்களில் ஒரு பகுதி பழைய இடத்திலேயே தங்கிவிட்டது.

முதல் தலைநகர் திமாப்பூர். செங்கல் மதிலும் செங்கல் வாயிலும் கொண்ட நகரம். அகோம் அரசு மரத்திலும் மண்ணிலும் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் செங்கல்லில் கட்டினார்கள் என்று எட்வர்ட் கெய்ட் தம் அசாம் வரலாற்றில் வியக்கிறார். சதுரங்கக் காய்களைப் போன்ற தலைபருத்த கல்தூண்கள் இன்றும் அங்கே வரிசையாக நிற்கின்றன. யானை, மான், மயில், பூ, கொடி எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். மனித உருவமோ தெய்வ உருவமோ இல்லை. பிராமணியத்தின் கை அந்த நகரத்தின் மேல் படவில்லை என்று கெய்ட் கருதியதற்கு இது முக்கியக் காரணம். அப்போதைய அரசர்களின் பெயர்களும் கோராஃபா, தேத்சுங் என்று மொழியோடு ஒட்டியே இருந்தன. 1536இல் அகோம் அரசன் சுஹுங்முங்கின் படை திமாப்பூரை அழித்தது. தேத்சுங் கொல்லப்பட்டான். அரசு மலைக்குள் ஏறி மைபாங்கில் அமர்ந்தது. அங்கே அமர்ந்த அரசர்களின் பெயர்கள் நிர்பயநாராயணன், மேகநாராயணன், யசோநாராயணன். பெயர் மாறிய இடத்திலேயே கல்வெட்டும் பிறமொழியில் வந்தது.

இதை வெறும் திணிப்பாகப் பார்ப்பது தவறு. கல்வெட்டும் காசும் குடிமக்களுக்காகப் பொறிக்கப்பட்டவை அல்ல. பக்கத்தில் அகோம், கோச், ஜைந்தியா, திரிபுரா என்று நான்கு அரசுகள். அவர்களிடம் தன்னையும் ஓர் அரசன் என்று காட்ட வேண்டுமானால் அவர்களுக்குப் புரிகிற அதிகார மொழியில் காட்ட வேண்டும். பாண்டியரும் செப்பேட்டில் முதலில் சமஸ்கிருதத்தில் குலப்பெருமை பாடினார்கள். ஆனால் அதற்கு அடுத்த பகுதியில் தமிழில் நிலத்தின் எல்லை சொன்னார்கள். திமாசா அரசில் அந்த இரண்டாம் பகுதி இல்லாமல் போனதுதான் கதை.

இரண்டாம் பகுதியின் இடத்துக்கு வேறு மொழிகள் வந்தன. 14ஆம் நூற்றாண்டில் மாதவ் கந்தளி அசாமிய மொழியில் இராமாயணம் பாடினார். கம்பனுக்குப் பின், துளசிதாசருக்கு இரு நூற்றாண்டுகளுக்கும் முன். அவரைப் பாடச் சொன்னவன் வராகி அரசன் மகாமாணிக்கியன். அவன் கச்சாரி (திமாசா உள்ளிட்ட மக்களைப் பிறர் அழைத்த பெயர்) அரசகுலத்தைச் சேர்ந்தவன் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அதாவது, அசாமிய இலக்கியத்தின் தலைவாசலில் நிற்கிற நூலுக்குப் புரவலன் வேறொரு தாய்மொழிக்காரன். பின்னால் அரசு பராக் சமவெளிப் பக்கம் சாயச் சாய வங்காளம் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் அரசி சந்திரபிரபாவின் ஆதரவில் புவனேசுவர் வாசஸ்பதி நாரதீய புராணத்தை வங்காளத்தில் பாடினார். 1736இல் அரசன் கீர்த்திசந்திரன் ஒருவரை வசீராக நியமித்துக் கொடுத்த ஓலை வங்காள உரைநடையின் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக வங்காளிகளால் போற்றப்படுகிறது. அரசின் தண்டனைச் சட்டமும் வங்காளத்தில் எழுதப்பட்டது. வாதியும் பிரதிவாதியும் திமாசாவில் வழக்குச் சொல்ல, தீர்ப்பு வங்காளத்தில் வந்திருக்கும்.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் தலைநகர் சமவெளியில் உள்ள காஸ்பூருக்கு இறங்கியது. 1790இல் அரசன் கிருஷ்ணசந்திரனும் தம்பி கோவிந்தசந்திரனும் செம்பால் செய்த பசுவின் உடலுக்குள் புகுந்து வெளிவந்து சத்திரியர் ஆனார்கள். பீமனுக்கும் இடும்பிக்கும் பிறந்த கடோத்கசன் வழியில் வந்தவர்கள் என்று குலவரிசையும் எழுதப்பட்டது. நாட்டின் பெயரே ஹேரம்ப ராஜ்ஜியம் ஆனது. காஸ்பூர்ப் பக்கத்துத் திமாசா மக்கள் பர்மன் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்கள். நம் வர்மன்தான் அது. கோவிந்தசந்திரன் 1830இல் கொல்லப்பட்டான். வாரிசு இல்லை என்று சொல்லி 1832இல் கம்பெனி அரசு நாட்டை எடுத்துக்கொண்டது. மலைப்பகுதியை ஆண்ட துலாராம் சேனாபதியின் நிலமும் 1854இல் போனது.

அரசு இருந்த காலம் முழுக்க மொழி எங்கே இருந்தது? மலைக் கிராமங்களில், குறிப்பாகக் குலமுறையின் உள்ளே. திமாசா சமூகத்தைப் பற்றிப் படிக்கிறவர்கள் தவறாமல் நிற்கிற இடம் இது. ஆண்வழிக் குலங்கள் நாற்பதை ஒட்டி இருக்கின்றன. செங்ஃபோங் என்று பெயர். பெண்வழிக் குலங்கள் 42. ஜுலு என்று பெயர். ஒவ்வொருவருக்கும் தந்தை வழியிலும் தாய் வழியிலும் என இரண்டு குலமுண்டு. மகன் தந்தையின் குலத்தை மேலே கொண்டு போகிறான், மகள் தாயின் குலத்தை. பெற்றோரின் இரண்டு குலங்களில் எது ஒத்துப்போனாலும் திருமணம் கிடையாது. பெரியப்பா பிள்ளைகள் தந்தை வழியால் உடன்பிறப்பு, பெரியம்மா பிள்ளைகள் தாய் வழியால் உடன்பிறப்பு என்பது நமக்கும் தெரிந்த முறைதான். அவர்கள் இரண்டுக்கும் பெயர் வைத்து, தலைமுறைக் கணக்கு வைத்துக் காக்கிறார்கள். சங்கரன்கோவில் வட்டாரத்தில் கொண்டையங்கோட்டை மறவர்களின் கிளைமுறை தாய்வழியாகவே எண்ணப்படுகிறது என்பதும், ஒரே கிளைக்குள் பெண் எடுப்பதில்லை என்பதும் இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே திமாசா முறையை அதிசயமாகப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு வழியையும் சரிசமமாக நிறுத்தியதுதான் அதன் தனித்தன்மை.

சொத்தும் அப்படியே பிரிகிறது. தந்தையின் சொத்து மகன்களுக்கு, தாயின் சொத்து மகள்களுக்கு, பொதுவானது இருவருக்கும். தாயின் சொத்து என்பது நகை, துணிமணி, நெசவுச் சாமான்கள். ரிகு என்ற இடுப்புடையும் ரிஜம்ஃபாய் என்ற மார்புத் துணியும் பெண்கள் வீட்டுத் தறியில் நெய்வது. விசைத்தறியின் சத்தத்திலேயே வளர்ந்த சங்கரன்கோவில்காரர்களுக்கு, தறி என்பது கூலிக்கணக்கோடு சேர்ந்த பொருள். அங்கே அது மகளுக்குப் போகிற முதுசொம். நூலின் பெயர், பூவேலையின் பெயர், சாயம் எடுக்கும் செடியின் பெயர் எல்லாம் அந்தச் சொத்தோடு சேர்ந்து தாயிடமிருந்து மகளுக்கு வருகின்றன. அரசவை திமாசாவில் ஒரு வரி எழுதாத நூற்றாண்டுகளில், மொழி அறுபடாமல் கைமாறிய பாதைகளில் இது முதன்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்களின் உலகம் அரசவையோடும் சந்தையோடும் பிற மொழிகளுக்குத் திறந்திருந்தது. பெண்களின் குலம் அந்தப் பாதையில் போகவில்லை.

விழாக்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்து சனவரியில் வருகிற புசு விழா அவர்களுக்கு நம் பொங்கலின் இடத்தில் இருக்கிறது. க்ராம் என்ற பெருமுழவும் முரி என்ற நீண்ட குழலும் ஒலிக்க இரவு பகலாக ஆட்டம். அரிசியிலிருந்து வடிக்கிற ஜுதிமா என்ற பானத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வடகிழக்கின் மரபான மதுவகைகளில் அந்தக் குறியீட்டை முதலில் பெற்றது அதுதான்.

பிரிட்டிஷ் ஆட்சி வந்த பிறகு மொழி முதன்முறையாகத் தாளில் ஏறியது, வெளியாட்களின் தேவைக்காக. 1882இல் சம்புதன் ஃபோங்லோ என்ற திமாசா வீரர் குஞ்சுங்கில் இருந்த ஆங்கிலேயரின் அலுவலகத்தைக் கொளுத்தினார். மைபாங்கில் நடந்த மோதலில் பட்ட காயத்தால் மேஜர் பாய்ட் இறந்தார். சம்புதன் 1883இல் உயிர் விட்டார். நெல்கட்டும்செவல் பூலித்தேவனை நாம் நினைப்பது போல் அவர்கள் சம்புதனை நினைக்கிறார்கள். கிளர்ச்சி முடிந்த கையோடு சாப்பிட் என்ற அதிகாரி 1885இல் கச்சாரி மக்களைப் பற்றி நூல் எழுதினார். கிரியர்சனின் மொழியாய்வுத் தொகுதியில் 1903இல் மலைக் கச்சாரி என்ற பெயரில் திமாசா இடம் பெற்றது. 1908இல் டண்டாஸ் ஓர் இலக்கணச் சுருக்கமும் அகராதியும் வெளியிட்டார். ஆளவேண்டிய மக்களின் பேச்சை அறிந்துகொள்வதே இவற்றின் நோக்கம். அந்த மக்களின் பிள்ளைகள் படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல.

இங்கேதான் வடகிழக்கின் மற்ற மொழிகளிடமிருந்து திமாசாவின் பாதை பிரிகிறது. காசி மொழிக்கு 1841இல் வந்த வேல்ஸ் பாதிரியார் தாமஸ் ஜோன்ஸ் ரோமன் எழுத்துக் கொடுத்தார். மிசோவுக்கு 1894இல் வந்த லோரெய்னும் சாவிட்ஜும் கொடுத்தார்கள். வேதாகமம், பாட்டுப்புத்தகம், பள்ளிக்கூடம் மூன்றும் சேர்ந்து ஐம்பது ஆண்டுகளில் அந்த மொழிகளை எழுத்துமொழிகளாக்கிவிட்டன. ஹாஃப்லாங்கிலும் வேல்ஸ் மிஷன் இருந்தது. ஆனால் திமாசா மக்களில் மிகப் பெரும்பாலோர் தங்களை இந்துக்களாகவே கருதினார்கள். அரசர்கள் செம்புப் பசுவுக்குள் நுழைந்த அதே வரலாறு மிஷன் பள்ளியின் அரிச்சுவடி வீட்டுக்குள் வருவதையும் தடுத்துவிட்டது. சமஸ்கிருதமும் வங்காளமும் வந்தவழியில் திமாசாவுக்கு எழுத்து கிடைக்கவில்லை. வேதாகமம் வந்தவழியிலும் கிடைக்கவில்லை. மதத்தை நான் குறை சொல்லவில்லை; எழுத்து யார் கையில் எதற்காக வருகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

எழுத்து வராத இடத்துக்கு ரயில் வந்தது. அசாம்-வங்காள ரயில்வேயின் லும்டிங்-பதர்பூர் மலைப்பாதை 1900களின் தொடக்கத்தில் திறக்கப்பட்டது. சுரங்கப்பாதைகள் குடைய வெளியூர்த் தொழிலாளர்கள் வந்தார்கள். ஹாஃப்லாங் மலைநகரமாயிற்று. கறையான் புற்று என்பதிலிருந்து வந்த பெயர் அது என்கிறார்கள். புற்றுமண்ணை நெற்றியில் இடுகிற சங்கரன்கோவில்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். திமாசா, செமே நாகா, ஹ்மார், குக்கி, பியேட், ஹ்ராங்கோல், கார்பி, ப்னார், நேபாளி, வங்காளி என்று பத்து மொழிக்காரர்கள் கூடுகிற சந்தையில் பொதுமொழி ஒன்று தேவைப்பட்டது. ஹாஃப்லாங் இந்தி பிறந்தது. பால் வேறுபாட்டையெல்லாம் உதிர்த்துவிட்டு, அசாமியம், வங்காளம், திமாசா, செமே சொற்களைச் சேர்த்துக்கொண்ட ஒரு கலப்புப் பேச்சு அது. டெல்லிக்காரர் கேட்டால் சிரிப்பார். இந்தி என்றாலே ஆணையும் சுற்றறிக்கையும் நினைவுக்கு வருகிற தமிழருக்கு இது புதிதாக இருக்கும்: இந்த இந்தியை யாரும் உத்தரவு போட்டுக் கொண்டுவரவில்லை. பத்து மொழிக்காரர்களில் எவரும் இன்னொருவர் மொழிக்குத் தலைகுனிய விரும்பாததால், ஒருவருக்கும் சொந்தமில்லாத மொழி சந்தையைப் பிடித்துக்கொண்டது. அதனால் ஆபத்து குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். 2011 கணக்கெடுப்பில் 2,14,000 பேர் கொண்ட மாவட்டத்தின் தலைநகரில், மாவட்டத்துக்கே பெயர் கொடுத்த மொழி பொதுவெளியில் இரண்டாம் இடத்தில் நிற்கிறது.

மலைக்குக் கீழே நிலைமை இன்னும் சிக்கல். பழைய தலைநகர்கள் மூன்றும் இன்று மூன்று வேறு ஆட்சிக் கூறுகளில் கிடக்கின்றன. திமாப்பூர் நாகாலாந்தில், அங்கே இம்மக்களுக்கு அரசு ஆவணங்களில் கச்சாரி என்று பெயர். மைபாங் தன்னாட்சிக் குழு ஆளும் மலை மாவட்டத்தில். காஸ்பூர் வங்காளம் ஆட்சிமொழியாக உள்ள பராக் பள்ளத்தாக்கில். பழங்குடிப் பட்டியலிலும் இவர்கள் பிரிந்தே இருக்கிறார்கள்: மலைப்பட்டியலில் திமாசா, கச்சாரி என்றும் சமவெளிப் பட்டியலில் கச்சாரின் பர்மன்கள் என்றும். ஒரே மொழி பேசுகிற அண்ணன் தம்பி இரு வேறு பழங்குடிகளாக எழுதப்படலாம்.

1961 மே 19 அன்று சில்சார் ரயில் நிலையத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 11 பேர் இறந்தார்கள். 1960இல் அசாமியத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டத்தை எதிர்த்து வங்காளத்துக்காக உயிர் கொடுத்தவர்கள். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை அறிந்த தமிழர் அவர்களை வணங்காமல் இருக்க முடியாது. அந்தப் போராட்டத்தின் விளைவாகப் பராக் பள்ளத்தாக்கில் வங்காளம் நிலைபெற்றது. அந்த நிலமோ 1832 வரை திமாசா அரசர்களுடையது. அங்கேயே இருந்த ஹவார் திமாசாவின் கேள்வி அசாமியமா வங்காளமா என்ற வழக்கின் நடுவில் எழவே இல்லை. மொழிப்போர்களில் பெரும்பாலும் இப்படித்தான்: இரண்டாவது மொழி முதல் மொழியை எதிர்த்து வெல்லும்போது மூன்றாவது மொழியின் பெயர் யார் வாயிலும் வருவதில்லை.

நம் கரிசல் பூமியிலும் வீட்டுமொழி ஒன்றும் எழுத்துமொழி ஒன்றுமாக வாழ்கிறவர்கள் ஏராளம். சங்கரன்கோவில், கோவில்பட்டி சுற்றுவட்டாரங்களில் தெலுங்கை வீட்டில் பேசி, தமிழில் மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்த கம்மவார், ரெட்டியார், கம்பளத்தார் குடும்பங்கள் நூற்றாண்டுகளாக இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தின் எட்டயபுரம் அரண்மனை தமிழ்ப் புலவர்களை ஆதரித்தது. இடைசெவலில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் தமிழுக்கே அகராதி தொகுத்தார். திமாசா அரசர்கள் அசாமியத்துக்கும் வங்காளத்துக்கும் செய்ததைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் ஒப்புமை ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. கரிசல் தெலுங்கு தேய்ந்தாலும் தெலுங்கு தேயாது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அதற்கு அரசும் பள்ளியும் திரைப்படமும் இருக்கின்றன. திமாசாவுக்குப் பின்னால் வேறெங்கும் ஒரு தாயகம் இல்லை.

எழுத்துக்கான வழக்கு இன்னும் தீரவில்லை. உடன்பிறந்த மொழியான போடோவுக்கு ரோமன் எழுத்துக் கேட்டு 1974-75இல் பெரும் கிளர்ச்சி நடந்தது. உயிர்கள் போயின. முடிவில் தேவநாகரி ஏற்கப்பட்டது. 2003இல் அரசியலமைப்பின் 92ஆம் திருத்தத்தால் போடோ எட்டாம் அட்டவணையில் இடம் பெற்றது. கோக்பொரோக் 1979இல் திரிபுராவின் ஆட்சிமொழி ஆனது. வங்க எழுத்தா ரோமனா என்ற சண்டை அங்கே இன்றும் ஓயவில்லை. திமாசாக்காரர்கள் மலையில் ரோமனில் எழுதுகிறார்கள். சமவெளியில் வங்க எழுத்தில் படித்து வளர்ந்தவர்களுக்கு அதே நூல் கையில் கிடைத்தாலும் வாசிப்பு தடுமாறும். எந்த எழுத்து சிறந்தது என்பது மொழியியல் கேள்வியே அல்ல. குரலின் ஏற்ற இறக்கத்தை வங்க எழுத்தும் காட்டாது, வழக்கமான ரோமனும் காட்டாது. ஒரே எழுத்தில் எல்லோரும் படிப்பதுதான் முக்கியம். ஏதோ ஒன்றை நால்வகை வழக்கினரும் ஒப்புக்கொண்டால் போதும்.

வெளியுலகம் திமாசா என்ற பெயரைக் கேட்டது இரண்டு வழியில். ஒன்று துப்பாக்கி. 1990களிலிருந்து திமாராஜி என்ற தனி மாநிலம் கேட்டு ஆயுதக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஒப்பந்தங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வட கச்சார் மலை மாவட்டம் 2010இல் திமா ஹசாவ் ஆனது. அந்தப் பெயர் மாற்றம் அதே மலையில் வாழும் பிற பழங்குடிகளிடம் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது என்பதையும் சொல்லியாக வேண்டும். கடைசி ஆயுதக் குழுவோடு 2023 ஏப்ரல் 27 அன்று டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்னொரு வழி திரைப்படம். அசாமிய நடிகை எமி பருவா இயக்கிய செம்கோர் 2021இல் கோவா திரைப்பட விழாவில் இந்தியப் பனோரமாவின் தொடக்கப் படமாகத் திரையிடப்பட்டு, திமாசா மொழியின் சிறந்த படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. படத்தில் காட்டிய வழக்கங்கள் பொய் என்று திமாசா அமைப்புகள் கண்டித்தன. தன் மொழி பெரிய திரையில் ஒலிக்கும்போது அந்தக் கதையைச் சொல்கிறவர் வெளியார் என்றால், சங்கடம் வரத்தான் செய்யும்.

2023இல் அசாம் அமைச்சரவை திமாசா, கார்பி, மிசிங், ராபா, திவா, தேவ்ரி ஆகிய ஆறு மொழிகளைத் தொடக்கநிலை வகுப்புகளில் பயிற்றுமொழியாக்க முடிவு செய்தது. ஐநூறு ஆண்டு அரச வரலாற்றில் எந்த அரசும் செய்யாதது. நல்ல தொடக்கம். ஆனால் தொடக்கநிலை முடிந்ததும் பிள்ளை ஆங்கிலத்துக்கோ அசாமியத்துக்கோ வங்காளத்துக்கோ தாவ வேண்டும். அந்தத் தாவல் இரண்டு மூன்று வருடங்களில் வரும் என்று தெரிந்தால், முதலிலேயே அங்கே சேர்த்துவிடலாமே என்றுதான் எந்தப் பெற்றோரும் கணக்குப் போடுவார்கள். தமிழ்வழிப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கிற நமக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். மேல்வகுப்பிலும் கல்லூரியிலும் தன்னாட்சிக் குழுவின் வேலைத் தேர்விலும் திமாசா ஒரு பாடமாகவாவது நிற்கும் வரை, தொடக்கநிலை ஆணை தாளோடு நின்றுவிடும்.

மத்திய அரசின் சட்டகத்தில் இந்த மொழிக்குச் சரியான பெட்டியே இல்லை. மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 2013 முதல் நடத்தும் அழிநிலை மொழிகள் திட்டம் 10,000 பேருக்குக் குறைவாகப் பேசப்படும் மொழிகளுக்கானது. திமாசா அதற்குப் பெரியது. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளோடு சேர அது சிறியது. இந்தியாவில் இந்த இடைவெளியில் நிற்கிற மொழிகள் பல பத்து. அட்டவணையிலுள்ள மொழிகள் அனைத்தையும் ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளாக்க வேண்டும் என்று அண்ணா மாநிலங்களவையில் வாதாடினார். தமிழ்நாட்டுக் கட்சிகள் இன்றுவரை அதே கோரிக்கையை வைக்கின்றன. அந்தக் கோரிக்கை அட்டவணையோடு நிற்கிறது. 10,000 பேருக்கு மேல் பேசுகிற, அட்டவணைக்கு வெளியே உள்ள ஒவ்வொரு மொழிக்கும் பள்ளி இறுதி வகுப்பு வரை பாடமாக இருக்கும் உரிமையையும் அதற்கான நிதியையும் அவர்கள் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.